ராடிசாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி

போர் முடிந்து சொந்த ஊரான வால்யெவோவுக்குத் திரும்பிய கேப்டன் வுகாஷின், ராணுவ உடுப்பைக் கழற்றி மாட்டிவிட்டு மறுபடி வக்கீலானார். சனிக்கிழமைதோறும் தேவாலயத்தில் ராடிசாவுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினார். காவல் பணியில் தூங்கியதற்காக ராணுவ நீதிமன்றத் தீர்ப்பில் சுட்டுக் கொல்லப்பட்ட சிப்பாய் அவன். அவனுக்காக வாதாடித் தோற்றவர் இவர்தான். சுட்டதையும் புதைத்ததையும் கண்ணால் பார்த்தவர்.

அங்கே மெழுகுவர்த்தி வைக்க இறந்தவர்களுக்குக் கீழ்த்தட்டு, உயிரோடு இருப்பவர்களுக்கு மேல்தட்டு. கீழே ஏற்றி வைத்துவிட்டு, சிலுவைக் குறி போட்டு நிமிர்ந்தால் அது மேலே எரிந்துகொண்டிருக்கும்.

"சட்டம் படிச்சவருக்கு மேல எது, கீழ எதுன்னு தெரியலையே!" என்று மெழுகுவர்த்தி விற்கும் யெலிசாவெத்தா சிரிப்பாள்.

"கீழதாம்மா வெச்சேன்."

"ஆமா, அதுவா ஏறிக்கிச்சு!"

பனி உருகிய ஒரு காலையில் வக்கீலின் அறைக்குள் ராடிசாவ் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான். முடியெல்லாம் ஈரமண்.

வுகாஷின் அவன் கையைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. இத்தனை நாள் நெஞ்சை அழுத்திய பாரம் இறங்க, அழுதேவிட்டார். இருவருக்கும் பிளம் சாராயம் ஊற்றினார்.

"அப்பீல் பண்றேன்னு சொன்னீங்களே கேப்டன், ஜெயிச்சுட்டீங்க!" என்று சொல்லி ராடிசாவ் ஒரே மடக்கில் குடித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"இனிமே மட்டும் மெழுகுவர்த்திய மறந்துகூடக் கீழ வெச்சுடாதீங்க. ஒவ்வொரு வாரமும் ஏறி வர்றதுக்குள்ள உயிரே போயிடுது."