கூண்டுக் கிளியின் ஆங்கிலம்

பெரிய வீட்டுக் கூண்டுக் கிளிக்குத் தெரிந்த ஒரே ஆங்கில வார்த்தை ‘வொய்’. விருந்தாளிகள் முன்னால் அதைச் சொன்னால் எல்லோரும் கைதட்டுவார்கள். எஜமான் ஒரு துண்டு கொய்யா நீட்டுவார்.

“அதற்கு என்ன அர்த்தம் அக்கா?” என்று ஜன்னலில் வந்து உட்கார்ந்த அணில் ஒருநாள் சீண்டியது.

“கொய்யா என்று அர்த்தம்,” என்றது கிளி பெருமையாக.

அணில் பள்ளிக்கூடத்துக் கூரையில் குடியிருப்பது. வாலை உதறிச் சிரித்தது. “அட மக்கு அக்கா! ‘ஏன்’ என்று அர்த்தம். காரணம் கேட்கிற வார்த்தை.”

அன்று சாயங்காலம் கிளிக் கூட்டமொன்று கத்திக்கொண்டே தோப்பை நோக்கிப் பறந்தது. அது மறையும்வரை பார்த்திருந்த கிளி, கூண்டின் தாழ்ப்பாளை அலகால் தட்டி, விருந்தாளிகள் நடுவே இருந்த எஜமானைக் கேட்டது: “வொய்?”

யாரும் கைதட்டவில்லை. எஜமான் எழுந்து வந்து கூண்டைக் கறுப்புத் துணியால் மூடினார்.

மறுநாள் அணில் துணிக்கு வெளியே நின்று கெஞ்சியது. “பழையபடி சும்மா சொல்லித் தொலையேன் அக்கா. துணியை எடுப்பார்கள், வானமாவது தெரியும்.”

“சொல்லிப் பார்த்தேன் தம்பி. அர்த்தம் தெரிந்த பிறகு சும்மா சொல்ல வரவில்லை,” என்றது கிளி. “அதை விடு. நேற்று தோப்புக்குப் பறந்த அந்தக் கிளிக் கூட்டம் இன்றைக்கும் இந்த வழியாகத்தான் போனதா?”