இரவல் விரல்

"லோகன், உன் விரலைக் கொஞ்சம் குடுப்பா."

கிள்ளான் பாசார் பக்கத்துத் தேநீர்க் கடையில், இனிப்பான பால் தேநீரான தே தாரேக்குக்குக் காத்திருந்த லோரி டிரைவர் லோகன் நிமிர்ந்தான். எதிரே பக்கத்து வீட்டுத் தம்புசாமி. கையில் ரத்தம் சோதிக்கும் மெஷின். முன்னால் பாலும் சீனியும் போடாத கறுப்புத் தேநீர், தே ஓ கொசோங். தனக்கு இனிப்புநீர் வந்துவிட்டதாகப் போன வாரம்தான் கடை முழுக்கச் சொல்லியிருந்தார்.

"என் விரல் எதுக்கு அங்கிள்?"

"பூச்சோங்ல இருக்கற என் மக தாமரை, தினம் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றா. கூடுதலா இருந்தா இன்சுலின் போடணுமாம். எனக்கு ஊசின்னாலே நடுக்கம். உன் ரத்தத்தை வச்சு அனுப்பிடுறேனே?"

லோகனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெற்ற மகளையே ஏமாற்றப் பார்க்கும் இந்த மனுஷன்தான் கோயில் கமிட்டித் தலைவர்.

"மருந்து பின்னால ஓடுனா இப்படித்தான் அங்கிள். எனக்கும் இனிப்புநீர்னு கிளினிக்ல மாத்திரை குடுத்தாங்க. கிட்னி கெட்டுடும்னு எப்பவோ நிறுத்திட்டேன். பாவக்கா ஜூஸ் மட்டும்தான். எல்லாம் ஓடிப் போச்சு."

"அப்புறம் டெஸ்ட் பண்ணிப் பாத்தியா?"

"எதுக்கு லா? என் உடம்பு எனக்குத் தெரியாதா? வீட்ல என் பொண்டாட்டி புனிதாவும் இதே பாட்டுத்தான்."

"அதான் உன்கிட்ட வந்தேன். சுத்தமான ரத்தம்."

புகழ்ந்தால் யார்தான் மயங்கமாட்டார்கள்? லோகன் கை கழுவிவிட்டு வந்து, மகாராஜா மாதிரி விரலை நீட்டினான். தம்புசாமி புது ஊசி போட்டுக் குத்தினார்.

ஏழெட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் மெஷின் 17.2 என்றது.

"உங்க மெஷின் கெட்டுப் போச்சு லா. வேற விரல்ல குத்துங்க."

அடுத்த விரல், 17.4.

"என்னப்பா இது? இதை அனுப்புனா என் மக ஆம்புலன்ஸோட வந்து நிப்பா. என்னோடதே தேவலாம்."

"உங்களுக்கு எவ்வளவு அங்கிள்?"

"இதுல பாதிகூட இல்ல."

லோகனின் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"இவ்வளவு இருந்தா என்ன ஆகும்?"

"கண்ணு மங்கும். கால்ல புண்ணு வந்தா லேசுல ஆறாது."

லோகன் செருப்புக் காலை மெல்ல மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். பெருவிரலில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் அழுக்கேறிக் கிடந்தது. மாற்றி மாற்றி ஒட்டியும் அந்தப் புண் ஆறவேயில்லை. பயம் வந்துவிட்டது.

தே தாரேக் வந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"அங்கிள், இன்னிக்கு லோரி எடுக்கல. நேரா கிளினிக் போறேன். மறுபடியும் மாத்திரை குடுப்பாங்கல்ல?"

"திட்டிட்டுக் குடுப்பாங்க. போ."

அவன் தலை மறைந்ததும் தம்புசாமி போனை எடுத்தார்.

"புனிதா, உன் வீட்டுக்காரன் கிளினிக்குக்குக் கிளம்பிட்டான்மா. உன் மெஷினைச் சாயங்காலம் கொண்டாந்து தரேன்."

மறுமுனையில் புனிதா விசும்பினாள்.

"கெஞ்சியும் பாத்தேன், சண்டையும் போட்டேன் அங்கிள். உங்களாலதான் முடிஞ்சுது."

"அழாதம்மா. நீ சொன்ன அந்தக் கால் புண்ணைக் காட்டச் சொல்லி நீயும் கிளினிக்குக்குப் போ."

போனை வைத்துவிட்டு, லோகன் விட்டுப்போன தே தாரேக்கை ஆசையோடு தன் பக்கம் இழுத்தார்.

"பாஸ், இதுல இன்னும் கொஞ்சம் கெட்டிப் பால் ஊத்துங்க. ஒரு வாரமா இல்லாத இனிப்புநீருக்கு நடிச்சு நாக்கு செத்துப் போச்சு."