ஏசி போடாத அறை

"ஏம்மா, இது ஆஸ்பத்திரியா, ஆவியில பன் வேக வைக்கிற கூடையா? ஏசியைப் போடச் சொல்லும்மா!"

திரைக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார், சிறுநீரகக் கல்லோடு வந்து படுத்திருக்கும் லியாவ் கிழவர். பெய்ஜென் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தைவானின் காவ்சியுங் நகரத்து ஜூலை வெயில். இரண்டு கட்டிலுக்கும் ஒரே ஏசி. டாக்டர் கேட்டுக்கொண்டதால் அதையும் அணைத்து வைத்திருந்தார்கள்.

எல்லாம் தம்பி யென்காய்க்காக. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவன். அவன் இடது முன்கைத் தோலை ரத்தக் குழாய், நரம்போடு எடுத்துச் சுருட்டி, ஆணுறுப்பாக அமைத்துப் பொருத்தியிருந்தார்கள். மறுநாளே உள்ளே ரத்தம் உறைந்து அது நீலம் பாரித்துவிட்டது. திரும்பவும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய் அடைப்பை எடுத்தார்கள். குளிர் பட்டால் குழாய் சுருங்கும். இன்னொரு தடவை அடைத்தால் அவ்வளவுதான், பட்ட பாடெல்லாம் வீண்.

"கைத்தோலை உரிச்சு இடுப்புக்குக் கீழே ஒட்டிக்கிட்டு, பக்கத்துல இருக்கிறவனை வேக வைக்கிறான்!" மறுபடியும் கிழவர்.

"விடுக்கா," என்றான் யென்காய், கண்ணைத் திறக்காமலே.

"எதுக்கு விடணும்? இத்தனை வருஷம் நீ கேட்ட பேச்செல்லாம் போதாதா? வலியில கிடக்கும்போதும் கேக்கணுமா?"

விடுவிடுவென்று நர்ஸ் ஸியுமெய்யிடம் போனாள்.

"அந்தாளை உடனே வேற ரூமுக்கு மாத்துங்க! வயசுக்கு ஏத்த பேச்சா அது? ரெண்டு தரம் கத்தி பட்ட உடம்பு. என் தங்கச்... என் தம்பி மனசொடிஞ்சு போனா நீங்களா வந்து தேத்துவீங்க?"

"காலையிலயே ஏழாவது மாடியில ஏசி ரூம் ஒண்ணு காலியாச்சும்மா. போங்கன்னு சொன்னோம். அவர்தான் மாட்டேன்னுட்டார்."

"பாத்தீங்களா! எங்களைத் திட்டறதுக்குன்னே உக்காந்திருக்கார்!"

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் அப்படி நினைச்சுத்தான் சண்டைக்குப் போனேன். 'நான் எந்திரிச்சுப் போனா, இந்தக் கட்டிலுக்கு வர்றவன் ஏசியைப் போட்டே ஆகணும்னு மல்லுக்கு நிப்பான். நான்னா வெறுமனே கத்திக்கிட்டுக் கிடப்பேன். முதல்ல அந்தப் பையனுக்கு ரத்தம் ஒழுங்கா ஓடட்டும்'னார்."