அடிக்கடி போன வீடுகள்

"மாசாமாசம் சத்துமாவு வாங்குறீங்க. புள்ள எடை மட்டும் ஏறவே மாட்டேங்குது. மாவெல்லாம் எங்கம்மா போகுது? கடையில வித்துடறீங்களா?"

குழந்தைகள் ஊட்டச்சத்துத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் பொரிந்து தள்ளினார். ஆய்வில் ஒன்று மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. அலுவலகத்து ஆட்கள் அடிக்கடி போய்க் கண்காணித்த வீடுகளில்தான் குழந்தைகள் தேறவே இல்லை.

"ஐயோ, விக்கலைங்க மேடம்," என்றாள் தாய். "முதல்ல இதைக் குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

நீட்டிய டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்தார். வயிற்றுக்கு இதமாக இருந்தது.

"நல்லா இருக்கே! இன்னும் கொஞ்சம் இருக்கா?"

இருந்தது. அதையும் குடித்து முடித்தார்.

மூன்று வயது மகள் ஓடி வந்து, காலி டம்ளருக்குள் விரலை விட்டு வழித்து நக்கினாள்.

"ச்சீ, மேடம் முன்னாடி என்னடி இது!" தாய் டம்ளரைப் பிடுங்கினாள்.

"பாவம், பசி போல. அவளுக்கும் இதையே கலந்து குடுக்க வேண்டியதுதானே?"

"தீந்து போச்சுங்க. இது நீங்க குடுத்த சத்துமாவுதான். எடை பாக்க ஒருத்தர், கேள்வி கேக்க ஒருத்தர், அப்புறம் நீங்கன்னு யாராவது வந்துக்கிட்டே இருக்கீங்க. எம்புள்ளைக்காக வீடு தேடி வர்றவங்களுக்கு வெறும் தண்ணியவா குடுக்கிறது?"

ஊர் ஊராக அனுப்பிய மாவு. ஒரு நாளும் அவர் அதை வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

உதட்டோரம் ஒட்டியிருந்ததைத் துடைக்கவும் கூசியது. தலைகுனிந்தபடி வாசலுக்கு வந்தார்.

பக்கத்து வீட்டுக்காரி சிரித்த முகமாகக் கூப்பிட்டாள்.

"மேடம், அடுத்தது எங்க வீடுதானே? கலக்கி வச்சுட்டேன், ஆறிடப் போகுது!"