வெறும் வயிறு

"வாழைப்பழம் எங்காலை வந்தது எண்டு சொல்லு," என்றார் சிவகுரு. கொழும்பிலிருந்து சொந்த ஊரான மடத்துவெளிக்குத் திரும்பிய நாள்தொட்டு, தங்கை இரஞ்சிதத்திடம் அவர் கேட்கும் ஒரே கேள்வி இதுதான்.

"எனக்குத் தெரியாதண்ணை."

இரஞ்சிதத்தின் எட்டு மாதக் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. அழுதால் உதடு நீலமாகிவிடும். தகப்பன் சவூதியில். வழியெல்லாம் சோதனைச் சாவடி, இரண்டு நாள் பயணம் என்பதால் தாயும் தாய்மாமன் சிவகுருவும்தான் கொழும்பு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஒப்பறேசனுக்கு முன் ஆறு மணித்தியாலம் குழந்தையின் வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்று மயக்கமருந்து டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் மயக்கமருந்து முகமூடியை வைத்ததும் குழந்தை வாந்தியெடுத்தது. வாந்தியில் வாழைப்பழம்.

"மயக்கத்திலை இது சுவாசப்பைக்குள்ளை போயிருந்தால் பிள்ளை முடிஞ்சிருக்கும்," என்று டொக்டர் ஒப்பறேசனை நிறுத்திவிட்டார். அடுத்த தவணைக்கு ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம். அதுவரை குழந்தை தாங்குமா என்று அவரும் சொல்லவில்லை.

"பசியிலை கத்தினவன். மனம் பொறுக்காமல் குடுத்திருப்பாய்," என்றார் சிவகுரு.

"பால்கூடக் குடுக்கேல்லை அண்ணை. மடியிலை வைச்சுக்கொண்டு நானும் அழுதனான்."

"அப்ப பழம் வானத்தாலையோ வந்தது?"

கொழும்பில் பழம் வாங்கியதாகவே அவளுக்கு நினைவில்லை. பக்கத்துக் கட்டில்காரி இரக்கப்பட்டுக் கொடுத்திருப்பாளோ? இல்லை, நித்திரையில்லாத மயக்கத்தில் நானே கொடுத்துவிட்டேனோ? கடைசியில் பாவம், அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"சவூதிக்கு மச்சானுக்கு எல்லாம் எழுதிப்போட்டன். இந்தமுறை நீ வரவேண்டாம். நானும் என்ரை மனிசியும் கொண்டுபோறம்."

பெற்றவளுக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்?

"ஓம் அண்ணை, நீங்களே கொண்டுபோங்கோ," என்றாள். "என்னை நம்ப ஏலாது."

அவள் அழுததைக் கண்டு சிவகுருவுக்கும் மனம் இளகியது. நயினாதீவு அம்மன் கோயிலிலிருந்து அன்று கொண்டுவந்த பஞ்சாமிர்தப் போத்தலைப் பக்குவமாகப் பயணப் பைக்குள் வைத்தார்.

"அழாதை. அம்மன் பார்ப்பா. போனமுறையும் நீ முகம் கழுவப் போன நேரம், இதுமாதிரிப் பஞ்சாமிர்தத்திலை ஒரு கரண்டி பிள்ளையின்ரை நாக்கிலை வைச்சுத்தான் உள்ளுக்கு அனுப்பினனான். இல்லாட்டி அந்த வாந்தியோடை பிள்ளை தப்பியிருக்குமோ?"