நான்காவது தீர்மானம்

வந்திருந்தவர்கள்: நகரசபைத் தலைவர், உறுப்பினர்கள் எட்டுப் பேர், கதவருகே பொன்னாயி.

"எங்க தெருக் கெணத்துத் தண்ணியால வாந்திபேதிங்க. அதுல மருந்து போடற நாலாவது தீர்மானம் என்னாச்சுங்க?"

"கொண்டுவந்த உறுப்பினர் போன கூட்டத்துக்கு வரலை. விதிப்படி தள்ளிப்போச்சு" என்றார் தலைவர்.

"இன்னிக்காச்சும் எடுங்க சாமி. பையன் படுத்துக் கெடக்கறான்."

"முடியாதும்மா. உறுப்பினர் ஒருத்தர் காலமாயிட்டார். இரங்கல் சொல்லிட்டு, வேற எதையும் எடுக்காம கலையணும். அதுவும் விதி."

எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். ஒருவர் ஏப்பம் விட்டார்.

"செத்தது எங்க ஊட்டுக்காரருங்க. தீர்மானம் கொண்டாந்ததும் அவருதானுங்க. போன கூட்டத்தன்னிக்கு வாந்தியெடுத்துக் கெடந்தாருங்க."

"தெரியும்மா. அவருக்கு மரியாதை செய்யத்தானே ஒத்திவைக்கிறோம்?"

தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சேவகன் அவளையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டினான்.