கிழக்கே பார்த்த பாய்

அறைக் கதவைச் சாத்திவிட்டு, கையையும் முழங்காலையும் பாயில் ஊன்றி, அஸ்ஃபியா முதுகை மெல்ல உயர்த்தித் தாழ்த்தினாள். கண்ணை மூடினால் தாமிரபரணியில் மிதப்பது போலிருந்தது. ஏழு மாத வயிற்றின் பாரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ள, இடுப்பு வலி இளகியது.

டாக்டர் சொன்ன பயிற்சிதான். ஆனால், பிள்ளைத்தாய்ச்சிக்கு வீட்டு வேலையே பயிற்சி என்கிற வீடு அது.

வெளியே யாரோ டீ கேட்டார்கள்.

"மருமவ தொழுதுக்கிட்டு இருக்கா, கூப்பிடாதிய!" தினமும் போல மாமியார் ஹமீது பீவியின் குரல்.

பாவம், தொழுகை என்றே நம்பிவிட்டாரே என்று அஸ்ஃபியாவுக்கு உறுத்தியது.

கதவு திறந்தது. இடுப்பை ஒரு கை இதமாக அழுத்தியது.

"மாமி... நான் தொழல."

"தெரியும்ளா. மேக்க பாத்துல்லா தொழுவணும்? நீ தெனமும் கிழக்க பாத்துல்லா குனியுத!"

"பொறவு ஏன் அப்படிச் சொன்னிய?"

"தொழுகைன்னாதான் இந்த வூட்ல ஒருத்தரும் ஒன்னைய வேலைக்குக் கூப்பிடமாட்டாவ."

ஹமீது பீவி கதவைச் சாத்தினார்.

"கொஞ்சம் நவுரு. எனக்கும் இடுப்பு வலிக்கி."